துளையை எண்ணி வாங்க வேண்டிய பெட்டி

புறக்கோட்டையில் பாடசாலைச் சாமான் விற்கும் கடைகளிலும் வெள்ளவத்தை காலி வீதிப் புத்தகக் கடைகளிலும் மூலக்கூற்று மாதிரி கேட்டால், ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து மேசையில் வைப்பார்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலப் பந்துகள், சாம்பல் நிறக் குச்சிகள், மூடியில் "இத்தனை துண்டுகள்" என்று கொட்டை எழுத்தில் ஓர் எண். தயாரித்தவர் யார் என்று பல பெட்டிகளில் தேடினாலும் கிடைக்காது. க.பொ.த. உயர்தர இரசாயனவியலில் 'கட்டமைப்பும் பிணைப்பும்' அலகு தொடங்கும்போது பெற்றோர் தேடிப்போவது இதைத்தான்.

நல்ல சாமான். ஆனால் மூடியில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்கினால் காசு வீண். அந்த எண்ணில் பெரும்பங்கு குச்சி, மிச்சத்தில் பெரும்பங்கு வெள்ளை ஐதரசன். பெட்டி எதைக் கட்டவிடும், எதைக் கட்டவிடாது என்பது பந்துகளில் உள்ள துளைகளில் இருக்கிறது. விலை பேசுவதற்கு முதல் மூடியைத் திறந்து துளைகளை எண்ணுங்கள். திறக்கவிடாத கடையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

நிறத்தில் குழப்பம் இல்லை. காபன் கறுப்பு, ஐதரசன் வெள்ளை, ஒட்சிசன் சிவப்பு, நைதரசன் நீலம், குளோரீன் பச்சை. 1865இல் இலண்டனில் ஹொவ்மன் என்ற ஜேர்மானிய விஞ்ஞானி குரோக்கே விளையாட்டுப் பந்துகளுக்கு நிறம் பூசிக் காட்டிய நாளிலிருந்து பெரிதாக மாறாத வழக்கம் அது. அவருடைய மாதிரிகள் தட்டையானவை. காபனின் நான்கு பிணைப்புகளும் நான்முகியின் மூலைகளை நோக்கி நிற்கின்றன என்று வன்ற் ஹொவ் என்ற விஞ்ஞானி சொன்னது 1874இல்தான். மலிவான பெட்டிகள் சிலவற்றைப் பார்த்தால் அந்தச் செய்தி தொழிற்சாலைக்கு இன்னும் போய்ச் சேரவில்லையோ என்று தோன்றும்.

அதைக் கடையிலேயே சோதிக்கலாம். ஒரு கறுப்புப் பந்தை எடுத்து நான்கு துளையிலும் ஒரே நீளக் குச்சியைச் செருகி மேசையில் வையுங்கள். மூன்று குச்சி காலாக நிற்க, நான்காவது நேர்செங்குத்தாக மேலே பார்க்க வேண்டும். இப்போது புரட்டி வேறு மூன்று கால்களில் நிறுத்துங்கள். எப்படிப் புரட்டினாலும் ஒரே தோற்றம், ஒரே உயரம் வரவேண்டும். ஒரு நிலையில் மட்டும் சரிந்து நின்றால் துளை பிழையாகப் போட்டிருக்கிறது. அடிமட்டம் இருந்தால் இன்னும் நல்லது. பந்தின் நடுவிலிருந்து குச்சி நுனி வரை 30 மி.மீ. என்றால், எந்த இரண்டு நுனிக்கும் இடையில் 49 மி.மீ. இருக்க வேண்டும். அதுதான் 109.5 பாகை. இரண்டாவது சோதனை, ஆறு கறுப்புப் பந்தையும் ஆறு விறைப்பான குச்சியையும் வளையமாக மூட்டுவது. கோணம் சரியென்றால் கடைசிக் குச்சி இழுபடாமல் தானாகப் போய்ப் பொருந்தும். வளையம் மேசையில் மூன்று பந்தில் நிற்கும், மற்ற மூன்றும் ஒரே மட்டத்தில் தூக்கி நிற்கும். சைக்கிளோஎக்சேனின் கதிரை வடிவம் அது. கடைசிக் குச்சியை வளைத்துத் திணிக்க வேண்டியிருந்தால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது நீலம். பல பெட்டிகளில் நைதரசனுக்கு மூன்று துளைதான். அமோனியா கட்டலாம், அமோனியம் அயன் கட்ட முடியாது. ஓர் அணுவே இரண்டு இலத்திரனையும் கொடுக்கும் ஈதற் பிணைப்பைக் காட்டுவதற்கு அதைவிட இலகுவான உதாரணம் இல்லை, அதற்கே வழி இல்லாமல் போகிறது. நான்கு துளை நீலப் பந்து குறைந்தது இரண்டு வேண்டும். இல்லாவிட்டால் கறுப்புப் பந்தில் நீல ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளிக்கலாம், கோணம் சரியாகவே வரும்.

சிவப்புப் பந்தில் பெரும்பாலும் இரண்டு துளை. நீர் கட்டினால் வளைந்து நிற்கும், ஆனால் ஏன் வளைந்தது என்பதைப் பெட்டி சொல்லாது. பிள்ளை பார்ப்பது தொழிற்சாலை போட்ட துளையை. ஒட்சிசனில் உள்ள, பிணைப்பில் சேராத இரண்டு தனிச் சோடி இலத்திரன்கள் அங்கே இல்லவே இல்லை. சில பெட்டிகளில் நான்கு துளைச் சிவப்புப் பந்தும், தனிச் சோடிக்கென்று பேரிக்காய் வடிவில் வெளிறிய துண்டுகளும் வரும். அந்தத் துண்டு இருக்கும் பெட்டிக்குக் கூடுதல் விலை சொன்னாலும் கொடுக்கலாம். இலத்திரன் சோடிகளின் கேத்திரகணிதம் நான்முகி, மூலக்கூற்றின் வடிவம் கோணல் என்ற இரண்டையும் வேறுபிரித்து எழுதத் தெரியாமல்தான் புள்ளி போகிறது. துண்டைச் செருகினால் நான்முகி, கழற்றினால் கோணல். இரண்டு செக்கன் வேலை.

நீரின் உண்மைக் கோணம் 104.5 பாகை, அமோனியாவில் ஏறக்குறைய 107. பெட்டி எல்லாவற்றுக்கும் 109.5 காட்டும். இதைப் பெரிய குறையாகச் சொல்பவர்கள் உண்டு. 30 மி.மீ. நீளத்தில் 104.5 பாகைக்கு நுனிகளின் இடைவெளி 47.4 மி.மீ., அதாவது ஒன்றரை மி.மீ. வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாத விசயத்துக்குப் பெட்டியைக் குறை சொல்லிப் பலனில்லை. கொப்பியில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பேச வேண்டிய குறை ஐந்து துளை, ஆறு துளைப் பந்துகள் பற்றியது. 'சேதன இரசாயனம்' என்று எழுதிய பெட்டியில் இவை இருக்காது. ஐந்து துளைப் பந்து ஒன்று இருந்தால் பொசுபரசு ஐங்குளோரைட்டு, கந்தக நாற்புளோரைட்டு, குளோரின் முப்புளோரைட்டு, செனன் இருபுளோரைட்டு நான்கையும் ஒவ்வொரு குச்சியாகக் கழற்றியே காட்டிவிடலாம். முக்கோண இருகூம்பகத்தின் நடுத்தளத்தில் மூன்று துளை, மேலும் கீழும் ஒவ்வொன்று. நடுத்தளத்தில் அயல் குச்சிகளுக்கிடையே 120 பாகை, மேல் கீழ்க் குச்சிக்கும் நடுத்தளத்துக்கும் இடையே 90 பாகை. தனிச் சோடிக்கு இடம் அதிகம் வேண்டும், ஆகவே அது எப்போதும் நடுத்தளத்துக்கே போகும். மேலுள்ள குச்சியைக் கழற்றியா, நடுவிலுள்ளதைக் கழற்றியா என்று பிள்ளையே இரண்டு விதமும் செய்து, 90 பாகை நெருக்கம் மூன்று வருகிறதா இரண்டு வருகிறதா என்று விரலால் தொட்டு எண்ணட்டும். ஆறு துளைப் பந்தில் கந்தக அறுபுளோரைட்டு, புரோமின் ஐம்புளோரைட்டு, செனன் நாற்புளோரைட்டு. முப்பது வெள்ளைப் பந்து கூடுதலாக இருப்பதைவிட இந்த இரண்டு பந்து மேல்.

அவை இல்லாத பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு பலூன் இருக்கிறது. ஒரே அளவு ஊதிய இரண்டு பலூனின் கழுத்தைச் சேர்த்து முடியுங்கள். அப்படி இன்னொரு சோடி. இரண்டு சோடியையும் நடுவில் ஒரு முறை முறுக்கிவிட்டால் நான்கும் தாமாகவே நான்முகியில் போய் நிற்கும். யாரும் துளை போடவில்லை, ஒன்றை ஒன்று தள்ளியதால் வந்த வடிவம். மூன்று பலூன் தளமாக நிற்கும், ஆறு எண்முகியாக. ஒன்றை மட்டும் பெரிதாக ஊதினால் அது தனிச் சோடி. மற்றவை ஒடுங்குவதைக் கண்ணாலே பார்க்கலாம். இலத்திரன் சோடித் தள்ளுகைக் கொள்கையை 1957இல் கில்லெஸ்பி, நைஹோம் என்ற இரசாயனவியலாளர்கள் முன்வைத்ததன் சாரம் இவ்வளவுதான், அதைப் பெட்டியைவிடப் பலூன் நன்றாகச் சொல்கிறது. பெரிய ரியூசன் வகுப்புக்கும் பலூன்தான் சரி. சின்னக் கோலிக்குண்டு அளவுள்ள பந்து பின்வரிசைக்குத் தெரியாது. கைபேசியும் இணையமும் இருந்தால் கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'பெற்' இலவச உருவகப்படுத்தலில் மூலக்கூற்று வடிவங்கள் பகுதியைத் திறக்கலாம். தனிச் சோடியைச் சேர்க்கவும் நீக்கவும், உண்மைக் கோணத்தையும் மாதிரிக் கோணத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கவும் முடியும்.

பெட்டி தன் விலைக்கு முழுதாக உழைப்பது சேதன இரசாயனத்தில். எதேன் கட்டி ஒரு பக்கத்தைத் திருகினால் திரும்புகிறது. இரட்டைப் பிணைப்புள்ள எதீன் கட்டி இரண்டு வளையும் குச்சியால் மூட்டினால் திரும்பாது. இந்த ஒன்றைக் கை உணர்ந்துவிட்டால் ஒரே அணுக்கள் இரட்டைப் பிணைப்பைச் சுற்றி வேறு விதமாக நிற்கும் கேத்திரகணிதச் சமபகுதியத்துக்கு விளக்கமே தேவையில்லை. பியூற்று-2-ஈனின் இரண்டு வடிவத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்க 8 கறுப்பு, 16 வெள்ளை, 20 விறைப்புக் குச்சி, 4 வளையும் குச்சி வேண்டும். இலற்றிக் அமிலத்தின், ஒன்றுக்கொன்று ஆடி விம்பமான இரண்டு எதிருருவையும் கட்ட 6 கறுப்பு, 12 வெள்ளை, 6 சிவப்பு. ஒரு குளுக்கோசு கட்டவும் அதே எண்ணிக்கைதான். குளுக்கோசு வளையத்துக்கு 24 விறைப்புக் குச்சி போகும். ஆகவே 8 கறுப்பு, 16 வெள்ளை, 6 சிவப்பு, 24 விறைப்பு, 6 வளைவு என்பதைக் கீழ் எல்லையாக வையுங்கள். ஆறு வளைவு எதற்கென்றால் பென்சீனுக்கு. அதற்குக் குறைந்த பெட்டி விளையாட்டுச் சாமான். விலையை ஒப்பிடும்போது மொத்தத் துண்டால் வகுக்காமல் கறுப்புப் பந்தின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், எது மலிவு என்ற கணக்கே மாறிவிடும்.

பென்சீன் பற்றி ஒரு எச்சரிக்கை. பெட்டியில் அது ஒன்றுவிட்டொன்று இரட்டைப் பிணைப்பாகத்தான் வரும். உண்மையில் ஆறு காபன் பிணைப்பும் ஒரே நீளம், 139 பிக்கோமீற்றர், ஒற்றையின் 154க்கும் இரட்டையின் 134க்கும் இடையில். துண்டு போதுமென்றால் இரண்டு பென்சீன் கட்டி, இரட்டை இடம் மாறும்படி பக்கத்தில் வைத்து, "இது இரண்டுமில்லை" என்று சொல்லுங்கள். ஒன்று மற்றதாக மாறி மாறிப் போவதாகப் பிள்ளை நினைத்தால் உடனே திருத்துங்கள், பரிவு (இரண்டின் கலப்பாக ஒரே வடிவம் இருப்பது) அது அல்ல.

நீளத்திலும் பெட்டி பொய் சொல்லும். ஒற்றைப் பிணைப்பில் கறுப்புப் பந்துகளின் நடுக்கும் நடுக்கும் 35 மி.மீ. என்றால், அது உண்மையை ஏறத்தாழ 23 கோடி மடங்கு பெருப்பித்தது. அந்த அளவில் இரட்டைப் பிணைப்பு 30½ மி.மீ., மும்மை 27 மி.மீ. வரவேண்டும். வளையும் குச்சி நீளமாக இருந்தால் இரட்டைப் பிணைப்பு ஒற்றையைவிட நீண்டு நிற்கும். இரண்டு வளைவுக் குச்சியும் ஒரே மாதிரி இருப்பது இன்னொரு தவறான எண்ணத்தைத் தரும். காபன் காபன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க மூலுக்குச் சுமார் 348 கிலோயூல், இரட்டையை உடைக்கச் சுமார் 612. இரண்டாவது குச்சியின் பங்கு 264 மட்டும். முதலாவது சிக்மா பிணைப்பு, இரண்டாவது பை பிணைப்பு, இரண்டும் ஒரே பலம் இல்லை.

இனி, பெட்டி முழுதாகத் தோற்கும் இடம். ஒரு கறுப்பு, நான்கு வெள்ளை, நான்கு சிவப்பு எடுங்கள். மெதேன் ஒன்று கட்ட 4 விறைப்புக் குச்சி. ஒட்சிசன் மூலக்கூறு இரண்டு கட்ட 4 வளைவுக் குச்சி. இப்போது எல்லாவற்றையும் கழற்றி, அதே பந்துகளால் காபனீரொட்சைட்டு ஒன்றும் நீர் இரண்டும் கட்டுங்கள். காபனீரொட்சைட்டுக்கு 4 வளைவு, நீர் இரண்டுக்கும் 4 விறைப்பு. எட்டுக் குச்சி கழன்றது, அதே எட்டுக் குச்சி ஏறியது. பெட்டியின் கணக்கில் வரவும் செலவும் சமம். குசினியில் காஸ் அடுப்பைத் திருகினால் நடப்பதோ வேறு. அங்கே எரியும் புரொப்பேனுக்கும் பியூற்றேனுக்கும் குச்சி எண்ணினாலும் இப்படித்தான், கழன்றதும் ஏறியதும் சரிசமம்.

சூடு எங்கிருந்து வந்தது? சராசரிப் பிணைப்புச் சக்திகளைப் போட்டுப் பாருங்கள். மெதேனின் நான்கு காபன் ஐதரசன் பிணைப்பும் தலா 413, மொத்தம் 1652. இரண்டு ஒட்சிசன் இரட்டைப் பிணைப்பு தலா 498, மொத்தம் 996. உடைக்கக் கொடுத்தது 2648 கிலோயூல். காபனீரொட்சைட்டின் இரண்டு இரட்டைப் பிணைப்பு தலா 805, அது 1610. நான்கு ஒட்சிசன் ஐதரசன் பிணைப்பு தலா 463, அது 1852. உண்டாகும்போது கிடைத்தது 3462. மிச்சம் 814. நீர் ஆவியாக வெளியேறும்போது அளந்தறிந்த பெறுமானம் 802. சராசரிகளை வைத்துப் போட்ட கணக்குக்கு இந்த நெருக்கம் போதும்.

குச்சியைப் பிடுங்கப் பலம் வேண்டும், அது சரி. ஆனால் செருகவும் அழுத்த வேண்டியிருக்கிறதே, அங்கேதான் பிழை நுழைகிறது. இரண்டு ஐதரசன் அணு கிட்ட வரும்போது யாரும் அழுத்தத் தேவையில்லை. ஒவ்வொன்றின் இலத்திரனையும் மற்றதன் கரு கவர, சக்தி இறங்கிக்கொண்டே வரும். 74 பிக்கோமீற்றரில் அது ஆகக்குறைவு, மூலுக்கு 436 கிலோயூல் வெளியே போயிருக்கும். அதற்கும் கிட்ட நெருக்கினால் கருக்கள் ஒன்றையொன்று தள்ளும். "பிணைப்பு உடையும்போது சக்தி வெளிவரும்" என்று விடைத்தாளில் எழுதும் பிள்ளைக்கு இந்த எட்டுக் குச்சிக் கணக்கைக் கையால் செய்ய வையுங்கள். லூயிஸ் என்ற விஞ்ஞானி 1916இல் சொன்ன பங்கிட்ட சோடியையும் அப்போதே புள்ளிகளால் கொப்பியில் வரையச் செய்ய வேண்டும். பந்தில் குத்திய துளை வலுவளவை, அதாவது எத்தனை பிணைப்பு என்பதைத்தான் சொல்லும், அந்த வலுவளவு எங்கிருந்து வந்தது என்பது புள்ளியில் இருக்கிறது.

அயன் பிணைப்புக்கு இந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம். பச்சையையும் இன்னொரு பந்தையும் ஒரு குச்சியால் சேர்த்து "சோடியம் குளோரைட்டு மூலக்கூறு" என்று காட்டுவதைப்போல் கெடுதல் வேறில்லை. உப்புச் சாலக மாதிரி தனியாக விற்கிறார்கள், பக்கத்துக்கு மூன்றாக 27 பந்து, 54 குச்சி. அதிலும் ஒரு பொறி உண்டு. ஒவ்வோர் அயனைச் சுற்றியும் எதிர் அயன் ஆறு என்று படித்துவிட்டு எண்ணினால் மூலைப் பந்துக்கு 3, விளிம்புக்கு 4, முகத்தின் நடுவில் 5. ஆறும் முழுதாக உள்ளது நட்டநடுப் பந்து ஒன்றேதான், அதுவும் உள்ளே மறைந்து கிடக்கும். எல்லாப் பந்தும் ஒரே பருமனில் இருந்தால் வாங்காதீர்கள். சோடியம் அயனின் ஆரை 102, குளோரைட்டு அயனின் ஆரை 181 பிக்கோமீற்றர். குளோரைட்டுப் பந்து 30 மி.மீ. என்றால் சோடியம் 17 மி.மீ. அந்த மாதிரிக்குக் கொடுக்கும் காசில் ஒரு கைவில்லை வாங்கி, ஆனையிறவோ புத்தளமோ, ஒரு பிடி கல்லுப்பைக் கறுப்புக் கடதாசியில் கொட்டிப் பார்ப்பது மேல். செங்கோண மூலைகள் கண்ணில் படும். பெரிய கல்லொன்றில் கத்தி முனையை விளிம்புக்குச் சமாந்தரமாக வைத்துத் தட்டினால் தட்டை முகமாகப் பிளக்கும். அடுக்கு சற்று நகர்ந்ததும் ஒரே ஏற்றமுள்ள அயன்கள் எதிரெதிரே வந்து தள்ளிவிடுகின்றன.

போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டியெடுக்கும் காரீயத்தை, அதாவது பென்சிற்கரியை, கட்டிக்காட்ட ஆசைப்பட்டால் நான்முகிக் கறுப்புப் பந்து உதவாது, மூன்று துளை 120 பாகையில் உள்ளது வேண்டும். அடுக்கினுள் 142, அடுக்குகளுக்கிடையே 335 பிக்கோமீற்றர். உள்ளே 30 மி.மீ. என்றால் அடுக்குகள் 71 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். நடுவில் குச்சி போடாமல் நூலில் தொங்கவிடுங்கள். நீர் மூலக்கூறுகளுக்கிடையிலான ஐதரசன் பிணைப்புக்கும் நூல்தான். அங்கேயும் குச்சி போட்டால், தண்ணீர் கொதிக்கும்போது ஐதரசனும் ஒட்சிசனும் பிரிந்து போகின்றன என்று பிள்ளை நம்பிவிடும்.

பராமரிப்புக்கு வருவோம். கொழும்பு வெக்கையில் வளையும் குச்சிதான் முதலில் போகும். மாதிரியைக் கட்டியபடி அலுமாரி மேல் வைத்தால் வளைவு நிரந்தரமாகிவிடும், வளைந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும். கழற்றி வையுங்கள், பல்கனி வெயிலில் வைக்காதீர்கள். வளைந்துபோனதைத் தேத்தண்ணிச் சூட்டுக்குச் சற்றுக் குறைந்த சுடுநீரில் பத்து நிமிடம் போட்டு நேராக்கி ஆறவிடலாம். துளை இறுக்கமென்றால் பந்தை அதே சுடுநீரில் ஒரு நிமிடம் வைத்துவிட்டுச் செருகுங்கள். துளை தளர்ந்திருந்தால் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை ரேப்பைக் குச்சி முனையில் ஒரு சுற்று, இரண்டு வேண்டாம். இரண்டு சுற்றினால் எதேன் திரும்பாது. பந்தில் மார்க்கர் பட்டால் ஸ்பிரிட்டால் துடையுங்கள். தின்னரும் நெயில் பொலிஷ் அகற்றியும் சிலவகைப் பந்துகளை உருக்கிவிடும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் வெள்ளைப் பந்து தொண்டைக்குள் போகிற அளவு என்பதை மறக்க வேண்டாம்.

குச்சி துளைக்குள் முறிந்துவிட்டால் குறடு பிடிக்க இடமிருக்காது. தையல் ஊசியைக் குறட்டால் பிடித்து, மெழுகுதிரிச் சுவாலையில் மூன்று நான்கு செக்கன் காட்டி, முறிந்த துண்டின் நடுவில் இரண்டு மி.மீ. இறக்குங்கள். அரை நிமிடம் ஆறவிட்டு, சற்றுத் திருகி நேராக இழுத்தால் துண்டு ஊசியோடு வரும். ஆறுவதற்கு முதல் இழுத்தால் ஊசி மட்டும்தான் வரும்.